விளக்குத்தூண் பக்கம் நாலு மணி நேர வேலை: உதவித்தொகை நின்றுவிடுமா?

செல்லூர்க்காரி | வியாழன், இரவு 9.12

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவள். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 31. ஒன்றேகால் வயதில் போலியோ. இரண்டு காலுக்கும் காலிபர் என்கிற தாங்கு கம்பி, கூடவே ஊன்றுகோல். மாற்றுத்திறனாளி அட்டையில் 78 சதவீதம். பி.காம். தபால் வழியில் முடித்தேன். அப்பா தறிக்குப் போகிறார், அம்மா வீட்டில் பூக் கட்டிக் கொடுக்கிறார். எனக்கு மாதம் 1500 ரூபாய் உதவித்தொகை வருகிறது. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1000.

போன வாரம் மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடை ஒன்றில் பில் போட, கணக்கு எழுத ஆள் கேட்டார்கள். சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை, வாரம் ஆறு நாள், சம்பளம் 6500. முதலாளி நன்றாகப் பேசினார். கல்லா மேடை உயரமாக இருக்கிறது, உனக்குத் தரையில் மேசை போட்டுத் தருகிறேன் என்று அவரே சொன்னார். கடையில் முப்பது பேர் இருப்பதால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் பிடிப்பாராம். ஆதார் நகல் கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஆதாரில்தான் சிக்கல், கொடுத்தால் வேலைக்குப் போவது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும். அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "சம்பளம் கடைக்காரர் குடுக்குற வரைக்கும்டி. இது நீ படுத்துக் கிடந்தாலும் வரும்." அந்த 1500 வாங்க அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பதினோரு முறை அலைந்தார். வேலைக்குப் போவது தெரிந்ததும் பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் பணம் நின்றுவிட்டது என்று வேறு கேள்விப்பட்டோம்.

வேலைக்குப் போனால் உதவித்தொகை போய்விடுமா? திங்கட்கிழமைக்குள் கடைக்குப் பதில் சொல்ல வேண்டும்.


சும்மா_ஒருவன் | வியாழன், இரவு 9.40

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். பி.எஃப். வேண்டாம், ஆதாரும் வேண்டாம். மதுரையில் பாதிக் கடை அப்படித்தான் ஓடுகிறது. 1500ம் வரும், 6500ம் வரும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.


கைத்தடி | வியாழன், இரவு 10.25

ஒருவன் தம்பி, உங்கள் யோசனைப்படி ஆறு வருடம் இருந்தவன் நான். அதனால் சொல்கிறேன்.

ஒரு குடோனில் இருப்புக் கணக்குப் பார்த்தேன், கையில் சம்பளம். செயற்கைக் கால் உராய்ந்து உராய்ந்து தொடையில் புண் வைத்தது. மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வைத்தியம் அவர்கள் பொறுப்பு. ஆறு மாதக் கணக்கில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், படுத்திருக்கும் நாளுக்கும் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை தருவார்கள். எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? குடோன்காரர் ஒரு நாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். மறு மாதம் வேறு ஆள் போட்டுவிட்டார்.

தங்கச்சி, உங்கள் அம்மா சொல்வது பொய் இல்லை. உடம்பு படுத்தால் சம்பளம் வராது என்பதுதானே அவர் பயம்? அந்தப் பயத்துக்கு மருந்து இ.எஸ்.ஐ.யில்தான் இருக்கிறது.

இன்னொன்று. 78 சதவீதம் என்கிறீர்கள், 1500 வருகிறது என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் பொருந்தவில்லை. அந்தப் பணம் எந்தத் துறையிலிருந்து வருகிறது? ஆணைக் கடிதம் இருந்தால் தலைப்பை மட்டும் படித்துச் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 6.50

முதலில் கையில் என்ன நிற்கும் என்று பார்ப்போம். 6500இல் பி.எஃப். 12 சதவீதம், 780. இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 49. மிச்சம் 5671. அந்த 780 எங்கும் போய்விடாது, உங்கள் பெயரிலேயே சேரும். முதலாளியும் தன் பங்குக்கு அதே 12 சதவீதம் போடுவார். அதில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும்.

அம்மாவின் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 78,000. அப்பாவின் தறிக்கூலியைச் சேர்த்துப் பாருங்கள். தாண்டாது என்றே நினைக்கிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வேலையில்லாதோர் உதவித்தொகை ஏதாவது வாங்குகிறீர்களா? மாற்றுத்திறனாளிப் பட்டதாரிக்கு அதில் மாதம் 1000, பத்து வருடம் வரை. வாங்கிக்கொண்டிருந்தால் வேலையில் சேருகிற அன்றே அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது வேலை இல்லாதவருக்கென்றே உள்ள பணம், வருடா வருடம் சுய உறுதிமொழி வேறு கொடுக்க வேண்டும். அதில் விளையாடக் கூடாது.

1961 வருமான வரிச் சட்டத்தில் 80யு என்று ஒரு பிரிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 கழிவு. பழைய வரி முறையில் மட்டும்தான்.


சும்மா_ஒருவன் | வெள்ளி, காலை 7.05

6500 சம்பளத்துக்கு 80யு! பிள்ளைவாள், செல்லூர்க்காரி வருமான வரி கட்டுகிற நாள் வந்தால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை மல்லிகை நான் அனுப்புகிறேன்.


உசிலம்பட்டியான் | வெள்ளி, காலை 11.30

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். 100 நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேரம்தான், கூலி முழுசு. 2025-26க்கு அறிவித்தது நாளுக்கு 336 ரூபாய். என் சித்தப்பாவுக்கு ஒரு கண் இல்லை, இன்னொன்றும் மங்கல். கண்மாய் வெட்டுகிற இடத்தில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருப்பார், வேலைக்கு வந்த பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அந்தக் கூலியும் வங்கிக்கு வருகிறது, ஓய்வூதியமும் அதே வங்கிக்கு வருகிறது. இத்தனை வருடத்தில் ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

அரசாங்கமே கூப்பிட்டுக் கொடுக்கிற பகுதி நேர வேலை இது. அதைச் செய்தால் தப்பில்லை, ஜவுளிக் கடையில் செய்தால் தப்பா? எனக்கு விளங்கவில்லை.


செல்லூர்க்காரி | வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. கைத்தடி அண்ணே, பீரோவுக்குள் துழாவி ஆணையை எடுத்துவிட்டேன். அரிசி மூட்டை வாங்கின ரசீதோடு சேர்த்து அம்மா மடித்து வைத்திருந்தார். மேலே 'சமூகப் பாதுகாப்புத் திட்டம், தனி வட்டாட்சியர்' என்று இருக்கிறது. நான் இத்தனை நாளும் இது மாற்றுத்திறனாளி ஆபீஸ் பணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, வேலைவாய்ப்பு அலுவலகப் பணம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போனது. டவுன் பஸ்ஸில் எனக்கும் துணைக்கு வருகிறவருக்கும் இலவசம்தான். படி ஏற முடிந்தால்தானே! ஷேர் ஆட்டோவில் காலிபரை மடக்கி உட்கார இடம் கிடைக்காது, கிடைத்தாலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாது. தனி ஆட்டோதான். ரவுண்டானாவிலிருந்து யானைக்கல் வழியாகப் போக 80, வர 80. இருபத்தாறு நாளுக்கு 4160.

5671இல் 4160 போனால் 1511.

இன்றைக்குச் சாயங்காலம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உதவித்தொகையை விடப் பதினொரு ரூபாய் அதிகம். அந்த 1500 நின்றுபோனால் தினமும் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு மாதக் கூலி பதினொரு ரூபாய்.


கைத்தடி | வெள்ளி, இரவு 9.50

நினைத்தேன். பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்கு மாதா மாதம் பணம் வருவது இரண்டு கதவு வழியாக. ஒன்று வருவாய்த் துறை. முதியோர், கைம்பெண் ஓய்வூதியம் கொடுக்கிற அதே தனி வட்டாட்சியர் அலுவலகம். அங்கே 40 சதவீதம் இருந்தால் போதும், ஆனால் ஆதரவற்றவரா, வருமானம் என்ன, சொத்து என்ன என்று வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். 2023 ஜனவரியிலிருந்து அதில் 1500. மத்திய அரசு ஓய்வூதியமும் இதே கதவுதான். அதற்கு வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் 80 சதவீதமும் வேண்டும். 2012லிருந்து டெல்லி கொடுப்பது 300 ரூபாய், மிச்சம் மாநிலம் போடுவது.

இன்னொரு கதவு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. அங்கே அதன் பெயர் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000. கை கால் பாதிப்பு என்றால் 75 சதவீதத்துக்கு மேல், அறிவுசார் குறைபாடு என்றால் 40க்கு மேல், அப்புறம் தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, முதுகுத்தண்டுவடக் காயம், பார்க்கின்சன் மாதிரி சில. அங்கே பார்ப்பது முக்கியமாக உடம்பின் நிலையை.

உங்கள் 78 ஒரு வேடிக்கையான எண். மத்திய அரசுக்கு இரண்டு குறைவு, பராமரிப்புத் தொகைக்கு மூன்று அதிகம். நீங்கள் நிற்க வேண்டியது 2000 ரூபாய் கதவில். யாரோ ஒருவர் அன்றைக்கு உங்கள் அம்மாவை வேறு வரிசையில் நிறுத்திவிட்டார்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பராமரிப்புத் தொகைக்கு மனுப் போடும்போது வருவாய்த் துறையில் வாங்கவில்லை என்று வி.ஏ.ஓ. சான்று கேட்பார்கள். அதற்காக அவசரப்பட்டு 1500ஐ நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். முதலில் மனு, மனுவிலேயே 'இப்போது இன்ன ஓய்வூதியம் வாங்குகிறேன், இது அனுமதியானதும் அதை விட்டுவிடுகிறேன்' என்று ஒரு வரி. எனக்கு மனுப் போட்டதிலிருந்து பணம் வர பதினாலு மாதம் ஆனது. அந்தப் பதினாலு மாதம் சும்மா இருக்க முடியுமா?


பரவை_அம்மா | சனி, காலை 10.05

என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு, 65 சதவீதம். 2000 வாங்குகிறோம். மனுப் போட்டபோது என்னிடம் வருமானச் சான்று கேட்கவில்லை. வேறு ஓய்வூதியம் வாங்குகிறானா என்றுதான் இரண்டு முறை கேட்டார்கள். வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அவன் காலையில் ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் காகிதக் கவர் ஒட்டுகிறான். மாதம் 900 தருவார்கள். முதல் மாதம் அந்தப் பணத்தில் எனக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தான், அளவு தெரியாமல் சின்னப் பிள்ளை வளையல். அதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "இவன்தான் சம்பாதிக்கிறானே, இன்னும் எதுக்கு அரசாங்கப் பணம்?" என்றார். கவர் ஒட்டினால் 65 சதவீதம் 30 ஆகிவிடுமா? அவனுக்கு இன்னும் சட்டைப் பித்தான் நான்தான் போட்டுவிடுகிறேன்.

செல்லூர்ப் பொண்ணு, வேலைக்குப் போனால் சதவீதத்தைக் குறைத்துவிடுவார்களோ என்று அம்மாவுக்கு ஒரு பயம் இருக்கலாம், எனக்கும் இருந்தது. சதவீதம் டாக்டர்கள் உடம்பை அளந்து போடுவது. சம்பளச் சீட்டைப் பார்த்துப் போடுவது இல்லை.


வைகை_வடகரை | சனி, பகல் 1.20

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள்.

ஆதரவற்றோருக்கு என்று பெயர் வைத்துத்தான் அந்த 1500ஐக் கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு கண்ணும் தெரியாத ஒரு கிழவர் மனுப் போட்டுக் காத்திருக்கிறார். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் வருகிறவர் விட்டுக்கொடுத்தால் அந்த இடம் அவருக்குப் போகுமே? உதவி என்பது முடியாதவருக்கு. முடிகிறவரும் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி?


கைத்தடி | சனி, பகல் 2.00

வடகரை அண்ணே, நியாயமான கேள்வி. ஆனால் 'முடிகிறவர்' யார் என்பதில்தான் நமக்குள் வழக்கு. அந்தப் பெண் 5671க்குப் போக 4160 செலவழிக்கிறது. காலில் குறை இல்லாதவர் அதே வேலைக்கு ஷேர் ஆட்டோவில் போய்விட்டு வருவார், பெண்ணாக இருந்தால் டவுன் பஸ்ஸில் காசே கிடையாது. காலிபரில் வார் அறுந்தால், பூட்டு உடைந்தால், ரப்பர் தேய்ந்தால் எல்லாம் கைக்காசு. சம்பளம் வந்ததும் இந்தச் செலவு குறைந்துவிடவில்லை. வீட்டில் இருந்தவரை இல்லாத செலவு வேலைக்குப் போவதால் வருகிறது.

2016 சட்டத்தில் 24ஆம் பிரிவைப் பாருங்கள். மற்றவருக்குக் கொடுக்கிற அதே மாதிரித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. முதியோர் ஓய்வூதியம் 1200, நமக்கு 1500. கணக்குப் பார்த்தால் சரியாக 25 சதவீதம், ஒரு ரூபாய் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. ஏன் கூடுதல்? இருக்கிற செலவு கூடுதல் என்பதால்தானே!

அந்தக் கிழவரின் மனுவை முடிந்தால் இங்கே சொல்லுங்கள். எங்கே நிற்கிறது என்று கேட்க வழி இருக்கிறது. முதல்வரின் உதவி எண் 1100க்குப் போன் போடலாம். இல்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமையில் கேட்கலாம். இந்தப் பெண் விட்டுக்கொடுத்தால் அது அவருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு ஒரு உறுதியும் கிடையாது.


லண்டன்_மேலூர்க்காரன் | சனி, மாலை 6.45

இங்கே என் மனைவிக்கு மூட்டு வாதம், வாரம் மூன்று நாள் நூலகத்தில் வேலை. பிஐபி என்று ஒரு உதவி வாங்குகிறார். வேலை பார்க்கிறீர்களா, எவ்வளவு சம்பளம் என்பது அதற்குக் கணக்கே இல்லை. சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இதைத்தான் பார்க்கிறார்கள். வருமானம் பார்த்துக் கொடுக்கிற யூனிவர்சல் கிரெடிட் தனி. அதில்கூடச் சம்பளம் வந்தவுடன் மொத்தத்தையும் வெட்டுவது இல்லை. ஒரு அளவுக்கு மேல் சம்பாதிக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும். படிப்படியாக இறங்கும்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. படிவம் நாற்பது பக்கம் மாதிரி இருக்கும், நேர்காணலில் மனிதரைப் பிழிந்துவிடுவார்கள். ஆனால் வேலைக்குப் போகலாமா என்று பயந்து யோசிக்க வைக்கிற சங்கதி கொஞ்சம் குறைவு.


கணக்குப்பிள்ளை | சனி, இரவு 7.30

பேச்சு லண்டன் வரை போய்விட்டது, செல்லூரிலிருந்து விளக்குத்தூண் போகிற வழியை யாரும் சொல்லவில்லையே. அந்த 4160தானே முழுக்கக் குடைச்சல்?

இரண்டு காலும் பாதிக்கப்பட்டு, கை இரண்டும் நன்றாக இருப்பவருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். யாருக்கு என்று படித்துப் பாருங்கள்: கல்லூரியில் படிப்பவர், சுயதொழில் செய்பவர், தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். வேலை பார்க்கிறார் என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி வைக்க வேண்டும்.

ஓய்வூதியத்துக்கு எந்தக் காகிதத்தை ஒளிக்கச் சொல்கிறார்களோ, அதே காகிதத்தைக் கொடுத்தால்தான் ஸ்கூட்டர். கையில் சம்பளம் வாங்கினால் அந்தக் கடிதத்தை யார் கொடுப்பார்?


சும்மா_ஒருவன் | சனி, இரவு 7.48

சரி, என் முதல் பதிவை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கத் தெரியவில்லை, யாராவது சொல்லுங்கள்.


மட்டுறுத்துநர் | சனி, இரவு 8.10

அழிக்க வேண்டாம், பின்னால் வந்த பதில்கள் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. வேறு ஒன்று: ஒரு உறுப்பினர் தன் ஆணையின் படத்தை ஆதார் எண் தெரியும்படி போட்டிருந்தார், எடுத்துவிட்டேன். அட்டை எண், வங்கிக் கணக்கு எண், போன் எண் எதையும் இங்கே போடாதீர்கள். உதவி செய்கிறேன் என்று தனிச் செய்தியில் யாராவது எண் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்.


செல்லூர்க்காரி | ஞாயிறு, இரவு 10.30

அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கைத்தடி அண்ணனின் தொடைப் புண் வந்தபோது "பாவம்" என்றார். ஸ்கூட்டர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, பூவை ஓரமாக வைத்துவிட்டு, "பெட்ரோல் யார் போடுவா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

நாளைக்குக் கடையில் சரி என்று சொல்லப் போகிறேன். ஆதாரும் கொடுக்கிறேன். 1500 கொடுக்கிற அலுவலகத்தில் வேலையில் சேர்ந்ததை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். மறைத்து வைத்துவிட்டு மாதா மாதம் பாஸ்புக்கைப் பயந்து பயந்து பார்க்க என்னால் முடியாது. இதைச் சொன்னதும் வீட்டில் மறுபடி சண்டை, அது தனி.


பரவை_அம்மா | திங்கள், காலை 6.20

எழுதிக் கொடு, ஆனால் இரண்டு பிரதி கொண்டு போ. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகராதே.


செல்லூர்க்காரி | மூன்று வாரம் கழித்து, புதன், பகல் 12.40

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்து பதினேழு நாள் ஆகிறது. தரையில் மேசை, சாய்ந்து உட்கார ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி, காலிபர் பூட்டைத் திறந்து காலை நீட்டிக்கொள்ள இடம். ஏழு மணிக்குக் கூட்டம் வரும்போது மட்டும் மூச்சுத் திணறுகிறது. தீபாவளி நெருங்குகிறது இல்லையா?

எங்கள் வார்டில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம் போட்டார்கள். 2000க்கான மனுவை அங்கேயே கொடுத்தேன், கைத்தடி அண்ணன் சொன்ன வரியோடு. 45 நாளில் பதில் வரும் என்றார்கள். ஸ்கூட்டர் மனுவைக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தேன், கடைக் கடிதத்தோடு. வேலை நேரம் நாலு முதல் எட்டு என்று முதலாளி நேர்மையாகவே எழுதியிருந்தார். பகுதி நேரம் என்றால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஓய்வூதிய அலுவலகம். நான் வேலையில் சேர்ந்துவிட்டேன், சம்பளம் இவ்வளவு, ஆட்டோச் செலவு இவ்வளவு, உங்கள் முடிவைத் தெரிவியுங்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். அங்கே அதை வாங்கிய பெண் அலுவலர் இரண்டு தடவை படித்தார். "நிறுத்துனதுக்கு மனு வரும், குறைச்சதுக்கு வரும். வேலை கிடைச்சிருச்சுன்னு யாரும் எழுதிக் குடுத்தது இல்லையேம்மா, இதை எந்த ஃபைல்ல வைக்கிறது?" என்று பக்கத்து மேசையைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் 'இதர' என்று எழுதியிருந்த கட்டில் வைத்தார். முத்திரை போட்ட பிரதி என்னிடம் இருக்கிறது, பரவை அம்மா.

பதில் இன்னும் வரவில்லை.


வைகை_வடகரை | புதன், பகல் 3.15

இதை எழுதிக் கொடுத்ததற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். நான் அன்றைக்குக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். எங்கள் தெருப் பெரியவருக்கு 1100இல் போட்டுக் கேட்டோம். அட்டையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரு எழுத்து வித்தியாசமாம், அதனால் கிடப்பில் கிடந்திருக்கிறது. எட்டு மாதமாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. திருத்தக் கொடுத்திருக்கிறோம்.


செல்லூர்க்காரி | ஏழாவது வாரம், சனி, இரவு 9.20

முதல் முழுச் சம்பளம் வந்தது. 5671. கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு ரூபாய் பிசகவில்லை. இந்த மாதம் 1500ம் வந்திருக்கிறது. அம்மா பாஸ்புக்கை விளக்குக்குக் கீழே வைத்து விரலை வைத்து வைத்துப் படித்தார். 2000 மனுவுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று குறுஞ்செய்தி. அந்த 'இதர' கட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஸ்கூட்டருக்கு நேர்காணல் கூப்பிட்டார்கள். வரிசையாக நாற்பது பேர் இருப்போம். ஒருவர் என் கையை நீட்டச் சொல்லி விரலை மடக்கி விரிக்கச் சொன்னார். அப்புறம் அங்கே நின்ற வண்டியின் பிரேக்கைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பதினைந்து வருடம் பூக் கட்டிய விரல், ஊன்றுகோல் பிடித்த கை. அழுத்தினேன். "போதும்மா, விடு" என்றார். பட்டியல் வரும்போது சொல்வார்களாம்.


கைத்தடி | சனி, இரவு 9.45

எல்.எல்.ஆர். போட்டாயிற்றா? வண்டி வந்த பிறகு ஓடினால் தாமதமாகும்.


செல்லூர்க்காரி | சனி, இரவு 9.52

திங்கட்கிழமை காலையில் போகிறேன் அண்ணே. அம்மாவும் கூட வருகிறார். பின்னால் உட்கார்ந்து போக லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்கிறார்.